முதலில் வேக்காடு, பிறகு வறுவல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் மாட்டுக்கறியை ருசியாக வறுப்பது எப்படி என்பது. அடுப்படிச் செய்திக்கு அரங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். குழம்பு கூட்டுவதிலும் கறி வேகவைப்பதிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு, ஏட்டில் படித்த அறிவுக்கு எந்த வகையில் குறைந்தது? அதிலும் இந்த வறுவலைப் பற்றி ஊரில் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. மாட்டுக்கறி முரடானது, வாடை உள்ளது, ஆகவே மசாலாவை அள்ளிக் கொட்டினால்தான் வாயில் வைக்க முடியும் என்ற எண்ணம். அந்த எண்ணம் பிழை என்பதே என் வாதம். வறுவலின் சுவையைத் தீர்மானிப்பது மசாலாவின் அளவைவிட வேலையின் வரிசைதான். முதலில் உப்பு, அடுத்து ஈர வேக்காடு, கடைசியில் உலர்ந்த சூடு. இந்த வரிசையைக் காப்பாற்றினால் அளவான மசாலாவே மணக்கும். வரிசை தவறினால் எத்தனை வத்தல் அரைத்தாலும் கறி ரப்பராகத்தான் இருக்கும். பட்டாசு செய்யும் சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்தைக் கூட்டிவிட்டால் மட்டும் வெடிச் சத்தம் கூடிவிடுமா? கட்டும் இறுக்கமும் முறையாக அமைய வேண்டாமா?

முதலில், நம் கைக்கு வரும் கறி எப்படிப்பட்டது? இதைக் கேட்காமல் சமையலைத் தொடங்கவே முடியாது. இந்தக் கேள்விக்கு நம் மாநிலச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? மாடு 10 வயதைக் கடந்திருக்க வேண்டும், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும், அல்லது நிரந்தரமாக முடங்கிப்போனதாக இருக்க வேண்டும். அப்படிச் சான்று பெற்ற பிறகே அதை அறுக்கலாம். 1976இல் வந்த அரசாணை பசுவை அறுப்பதைத் தடை செய்தது. ஆக, நம் கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் என்ன? ஏர் இழுத்த காளை, வண்டி இழுத்த காளை, வயதான எருமை. மேல்நாட்டில் ரோஸ்ட் செய்கிறவர்களின் கைக்கு வருவதோ, கறிக்காகவே தீனி போட்டு வளர்த்து, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி அறுக்கப்படும் கன்றுப் பருவம் தாண்டிய இளமாடு. அவர்கள் பெரிய துண்டாக ஓவனுக்குள் வைத்து, உள்ளே சிவப்பு மாறாமல் எடுத்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து உண்கிறார்கள். அந்த மாட்டுக்கு அந்த முறை பொருந்தும். நம் மாட்டுக்கு அதே முறையைச் செய்தால் பல்தான் வலிக்கும். பிறகு, மாட்டுக்கறியே இப்படித்தான் என்று கறியின் மேல் பழி போடுவோம். பழி கறியின் மேலா, முறையின் மேலா?

உழைத்த மாட்டின் கறி ஏன் முரடாக இருக்கிறது? தசை இழைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் சவ்வில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மாட்டுக்கு வயது ஏற ஏற, அந்தக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அதிகம் உழைத்த உறுப்புகளில், அதாவது கழுத்து, தோள், கால் சதை ஆகியவற்றில், அது கூடுதலாக இருக்கும். இப்போது சூடு ஏறும்போது நடப்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது சவ்வு சுருங்குகிறது. சுருங்கும் சவ்வு தசையைப் பிழிகிறது. பிழிந்த தசையிலிருந்து சாறு வெளியேறுகிறது. கறி விறைக்கிறது. இந்தக் கட்டத்தில் எடுத்துக் கடித்துப் பார்ப்பவர், அதிகம் வெந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அடுப்பை அணைக்கிறார். அங்கேதான் பிழை. ஈரத்தோடும் பொறுமையோடும் மேலும் வேகவைத்தால், 70 பாகைக்கு மேல் அந்தக் கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. எந்தச் சவ்வு கறியை முரடாக்கியதோ, அதே சவ்வு வழவழப்பான சாறாக மாறி இழைகளைப் பூசிக்கொள்கிறது. ஆகவேதான் அரை மணி நேரம் வெந்த கறியைவிட ஒன்றரை மணி நேரம் வெந்த கறி மெதுவாக இருக்கிறது. இளமாட்டுக் கறியில் இந்தச் சவ்வு அவ்வளவு இறுகியிருப்பதில்லை என்பதால் அது விரைவில் மெதுவாகிறது. வயதான மாட்டின் குறை என்று நாம் நினைத்ததே அதன் செல்வம். அந்தச் செல்வத்தை எடுக்க நீரும் நேரமும் வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கறியை முதலில் எண்ணெயில் போட்டுச் சுருக்கிவிட்டால் மேற்புறம் மூடிக்கொண்டு சாறு உள்ளேயே தங்கிவிடுமே, அதைச் செய்யாமல் முதலில் வேகவைக்கச் சொல்கிறீர்களே என்று கேட்பார்கள். இந்த நம்பிக்கை இன்று நேற்றுப் பிறந்ததல்ல. யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் 1847இல் இதை எழுதினார். பெரியவர் சொன்னார் என்பதால் ஐரோப்பாவின் சமையல் நூல்கள் பலவும் அதைப் பின்பற்றின. ஆனால் 1930களில் கறியை நிறுத்துப் பார்த்து, சுருக்கிய கறியும் சுருக்காத கறியும் எவ்வளவு சாறு இழக்கின்றன என்று சோதித்தபோது, சுருக்கியதால் சாறு மிஞ்சவில்லை என்று தெரிந்தது. சோதனைக்கு அறிஞர் தேவையா? வாணலியில் சுருக்கிய கறியை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். சிறிது நேரத்தில் தட்டில் சாறு தேங்கும். மேற்புறம் மூடிக்கொண்டது உண்மையானால் அந்தச் சாறு எங்கிருந்து வந்தது? எண்ணெயில் வறுப்பதால் கிடைப்பது நிறமும் மணமும். அவை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றுக்கு உரிய இடம் கடைசி.

சரி, வரிசையின் முதல் படி உப்பு. நம் வீடுகளில் உப்பை எப்போது போடுகிறோம்? மசாலாவோடு கடைசியில். அப்போது உப்பு கறியின் மேலே நிற்கிறது, குழம்பு கரிக்கிறது, துண்டின் நடுவில் சப்பென்று இருக்கிறது. உப்பு மெல்ல நடக்கும் பொருள். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ கறிக்கு ஏறத்தாழ 15 கிராம் தூள் உப்பு, அதாவது வழித்த தேக்கரண்டியில் இரண்டரை, போதுமானது. கறியைக் கழுவி, நீரை நன்றாக வடித்து, இழைக்குக் குறுக்கே ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் பிசறி மூடி வைக்க வேண்டும். குளிர்பெட்டி இருந்தால் இரவு முழுவதும் அதில் இருக்கலாம். இல்லாத வீட்டில் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிசறினாலும் பலன் உண்டு. முதலில் உப்பு கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீரே திரும்ப உள்ளே போகும். உள்ளே போன உப்பு தசைப் புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும். இழைக்குக் குறுக்கே நறுக்குவது எதற்கு? நீண்ட இழையைக் கத்தி அறுத்துவிட்டால், பல்லுக்கு அந்த வேலை மிச்சம். பப்பாளிக்காய் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். பப்பாளிப் பாலில் உள்ள பொருள் புரதத்தை வெட்டுவது உண்மை. ஆனால் அது துண்டின் மேற்புறத்தையே அதிகம் தாக்கும். மேலே குழைந்து, உள்ளே முரடாகவே நிற்கும். அவசரத்துக்குச் சிறு துண்டு பப்பாளி உதவும். உப்புக்கும் நேரத்துக்கும் அது ஈடாகாது.

இரண்டாவது படி ஈர வேக்காடு. மண்சட்டியில் மணிக்கணக்கில் வெந்தால்தான் ருசி, குக்கர் ருசியைக் கெடுத்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. மண்சட்டியின் பெருமையை நான் மறுக்கவில்லை. விறகும் நேரமும் இருப்பவர்கள் தாராளமாக அதில் வேகவைக்கலாம். ஆனால் குக்கர் செய்வது என்ன? திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதித்து நின்றுவிடும். குக்கருக்குள் அழுத்தத்தால் அது ஏறத்தாழ 120 பாகை வரை போகும். சவ்வு கரைவது விரைவாகிறது. இரண்டு மணி நேர வேலை முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. ருசியைக் கெடுப்பது குக்கரா, அதைக் கையாளும் விதமா? சொம்பு சொம்பாக நீர் ஊற்றுவது முதல் பிழை. கறியே நிறைய நீர் விடும், ஒரு கிலோவுக்கு அரை டம்ளர் ஊற்றினால் போதும். பெருந்தீயில் வைத்து விசிலை மட்டும் எண்ணுவது இரண்டாவது பிழை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 முதல் 35 நிமிடம் வரை வைக்க வேண்டும். மாட்டின் வயதைப் பொறுத்து இது கூடும், குறையும். நகத்தால் அழுத்தினால் துண்டு விட்டுக்கொடுக்க வேண்டும், உதிரக் கூடாது. மூன்றாவது பிழைதான் மிகப் பெரியது. வெந்த நீரை வடித்துக் கீழே ஊற்றுவது! அந்த நீரில்தான் கரைந்த ஜெலட்டினும் உப்பும் கறியின் சாரமும் இருக்கின்றன. அதைக் கொட்டிவிட்டு மசாலாவால் ருசி வரவழைக்கப் பார்ப்பது என்ன நியாயம்?

இப்போது மசாலாவுக்கு வருகிறேன். விருதுநகரில் நின்றுகொண்டு மசாலாவைக் குறைத்துப் பேச யாருக்கு வாய் வரும்? வத்தலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, விலை பேசப்பட்டு, நாடெங்கும் போகும் சந்தை இது. மழை குறைந்த, காற்று உலர்ந்த இந்தக் கரிசல் சீமையின் வெயில்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இடம் கொடுத்தது. அதே வெயில்தான் களத்தில் வத்தலைக் காயவைத்தது, மிஞ்சிய கறியைக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டமாக்கியது. இவ்வளவு நல்ல சரக்கு கையில் இருக்கும்போது அதை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே நான் அளவைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு கிலோ கறிக்கு எட்டுப் பத்து வத்தல், இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு மேசைக்கரண்டி மிளகு, சீரகமும் சோம்பும் தலா ஒரு தேக்கரண்டி. மிளகில் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை வெறும் சட்டியில் இளந்தீயில் வறுத்து அரைத்துக்கொள்ள வேண்டும். மசாலாவை நீரில் கொட்டிக் கொதிக்கவிடுவதைவிட எண்ணெயில் விழவிடுவதே முறை. வத்தலின் நிறமும் உறைப்பும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், நீரில் கரைவது சொற்பம். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ காய்ந்ததும், சோம்பும் கறிவேப்பிலையும் பொரிந்து, கால் கிலோ சின்ன வெங்காயம் வதங்கி, இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாடை போன பிறகு, தீயைத் தணித்து மசாலாவைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டினால் போதும். எண்ணெய் சிவக்கும், வீடு மணக்கும். வாடையை அமுக்க மசாலா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய கறியில், நீர் நன்றாக வடித்து, மிகையான கொழுப்பை நீக்கி, முறையாக வறுத்தால் அமுக்க வேண்டிய வாடை எதுவும் இருக்காது. பழைய கறியின் வாடையை எந்த மசாலாவும் அமுக்காது, அதை வாங்காமல் இருப்பதே வழி.

மூன்றாவது படி உலர்ந்த சூடு. இதுதான் வறுவலின் உயிர். இரும்புச் சட்டியில் மசாலா புரண்டதும், வெந்த கறியையும் அதன் நீரையும் சேர்த்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். நீர் இருக்கும் வரை சட்டியில் உள்ள கறி 100 பாகையைத் தாண்டாது. அது எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழம்புதான், வறுவல் ஆகாது. நீர் வற்றியதும் ஓசை மாறும். களகளவென்ற கொதிப்பு அடங்கி, எண்ணெய் சடசடக்கத் தொடங்கும். அந்த ஓசைக்குக் காது கொடுங்கள்! அப்போதுதான் கறியின் மேற்புறம் 140 பாகையை நோக்கி ஏறுகிறது. அங்கே புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடி, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பிறப்பிக்கின்றன. 1912இல் லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை விளக்கினார், அவர் பெயராலேயே உலகம் இதை அழைக்கிறது. அவர் பெயரைக் கேள்விப்படாத நம் ஊர்ப் பெண்களும் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். கரண்டியால் ஓயாமல் கிண்டக் கூடாது. துண்டுகள் சட்டியில் படிந்து நிற்க வேண்டும், ஒரு பக்கம் கறுத்துச் சிவந்ததும் புரட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில், வற்றிய சாறு ஒவ்வொரு துண்டின் மேலும் பளபளவென்று பூசிக்கொள்ளும். எடுத்து வைத்த மிளகைக் கரகரப்பாக இடித்துத் தூவி இறக்கிவிடலாம். மிளகின் உறைப்பு சூட்டுக்கு நிற்கும், மணம் நிற்காது. அதனால்தான் கடைசியில் போடுகிறோம்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே இருக்கிறது என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரம் முழுவதும் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் கை ஓயாமல் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் மூச்சுவிடும் நாள். ஆனால் கணக்குப் பாருங்கள். உப்புப் பிசறப் பத்து நிமிடம். அது ஊறும்போது நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். குக்கர் தன் வேலையைத் தானே செய்யும். ஆள் அடுப்படியில் நிற்க வேண்டியது கடைசி அரை மணி நேரம் மட்டும்தான். அந்த அரை மணி நேரமும் ஏன் எப்போதும் பெண்களே நிற்க வேண்டும்? கறி வாங்கி வரும் ஆண், கரண்டி பிடித்தால் குறைந்துவிடுமா?

உடல்நலத்தின் பேரால் எழும் மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்றும், ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தியது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், சமைத்த சிவப்பு இறைச்சி ஒருவருக்கு வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. அதாவது, அளவோடு உண்ணுங்கள். ஞாயிறு ஒரு நாள் வறுவல் வைக்கும் குடும்பம் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. மாட்டுக்கறியில் உள்ள இரும்புச் சத்தை, கீரையில் உள்ளதைவிட உடல் எளிதாக ஏற்றுக்கொள்ளும். ஆட்டுக்கறியின் விலையில் பாதிக்கும் குறைவாக அது கிடைக்கிறது. கூலி வாங்கும் வீட்டில் புரதமும் இரும்பும் இப்படித்தான் நுழைகின்றன. ஆனால் அந்த வறுவல் யார் தட்டில் விழுகிறது? இரத்தம் குறைந்த பெண்ணின் தட்டிலும் விழுந்தால்தான் இந்த வாதம் நிற்கும்.

கடைசி மறுப்பு, வாய்விட்டுச் சொல்லப்படாத மறுப்பு. இதையெல்லாம் வெளியே பேசலாமா என்பது. உண்ணாதவர்களை உண் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் உண்பவர்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? அகநானூற்றுப் பாலைப் பாடல்களிலேயே மழவர் ஆவின் ஊனை உண்டது பேசப்படுகிறது. தமிழருக்கு இது நேற்று வந்த உணவல்ல. 2017இல் சந்தைகளில் மாடு விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தபோது, அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2022இல் ஆம்பூரில் அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றபோது, அது பாகுபாடு என்று கேள்வி எழுப்பியது மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம். உணவை ஒதுக்குவது உண்பவரை ஒதுக்குவதில்தான் போய் முடியும். கறியைப் பற்றிய அவமானம்தான், மசாலாவை அள்ளிப் போட்டு அதை மறைக்கச் சொல்கிறது. கறியை அறிந்தவருக்கு மறைக்க எதுவும் இல்லை.

தோழர்களே, தமிழில் சமையல் நூல் என்றால் 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' நினைவுக்கு வருகிறது. சைவச் சமையலை அளவோடும் வரிசையோடும் எழுதிவைத்த நல்ல நூல் அது. அதனால்தான் அந்தப் பக்குவம் கடல் கடந்தும் போனது. மாட்டுக்கறியின் பக்குவத்தை அப்படி அளவு சொல்லி, வரிசை சொல்லி, காரணம் சொல்லி எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? இது இந்த மாவட்டம் கேட்க வேண்டிய கேள்வி. நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் நோட்டுப் புத்தகமும் அச்சடித்து நாடெங்கும் அனுப்பும் சிவகாசி இங்கேதான் இருக்கிறது. தாளுக்குப் பஞ்சமில்லை, மைக்குப் பஞ்சமில்லை, இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் வீட்டில் நன்றாக வறுக்கத் தெரிந்த பெரியவரிடம் உட்கார்ந்து, எத்தனை கிராம் உப்பு, எத்தனை நிமிடம் தீ, எந்த ஓசை வந்ததும் புரட்ட வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை அச்சேற்றுங்கள். இந்த அறிவு இனியும் வாய்மொழியாகவே நின்று, ஒரு தலைமுறையோடு மறைந்துபோக விடாதீர்கள். இந்த ஊர் நினைத்தால் முடியும்.